லீவு உண்டா மேடம்?

போன வாரம் எனக்கு வழியனுப்பு விழா நடத்தினீர்கள். கேக் வெட்டினீர்கள், சால்வை போர்த்தினீர்கள், இத்தனை வருஷத்தில் நான் ஒலிபரப்பில் உளறிய இடங்களையெல்லாம் தொகுத்துப் போட்டு வயிறு வலிக்கச் சிரித்தீர்கள். எல்லாம் முடிந்து வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது மீரா வந்து பக்கத்தில் நின்றாள். பிரசவ விடுப்பு முடிந்து அவள் வேலைக்குத் திரும்பிய முதல் வாரம் அது. அடுத்த மாதத்திலிருந்து நம் காலை நிகழ்ச்சி அவளுடையது.

“அக்கா, ரெண்டு பசங்கள வெச்சுக்கிட்டு இத்தன வருஷம் காலை ஷோவ எப்படிக்கா ஓட்டினீங்க? உங்களுக்குன்னு ஏதாவது நேரம் இருந்துச்சா?”

“அதெல்லாம் தன்னால நடந்துரும்” என்று அவள் கன்னத்தைத் தட்டிவிட்டு ஆட்டோ ஏறிவிட்டேன். அடையாறு பாலம் தாண்டுவதற்குள் அந்தப் பதில் எனக்கே பிடிக்காமல் போய்விட்டது. எதுவும் தன்னால் நடக்கவில்லை. அதனால் இதை எழுதுகிறேன். மீரா கேட்டாள் என்பதற்காக அவளுக்கு மட்டுமல்ல, கைக்குழந்தை இல்லாத உங்களுக்கும் சேர்த்துத்தான். ஒரே ஒரு மழை நாளைப் பற்றிச் சொல்கிறேன்.

அப்போது நாங்கள் தி.நகரில், துணிக்கடைகளுக்குப் பின்னால் ஒரு சந்தில், இரண்டாவது மாடியில் குடியிருந்தோம். கவின் இரண்டாம் வகுப்பு. நிலாவுக்கு மூன்று வயது, இன்னும் பள்ளிக்கூடம் போகவில்லை. என் கணவர் பாஸ்கருக்குக் கிண்டியில் கட்டட வரைபடம் போடுகிற அலுவலகத்தில் வேலை. அவர் ஒன்பது மணிக்குக் கிளம்பினால் போதும். நானோ விடிவதற்கு முன்பே போயாக வேண்டும். ஆகவே எழுப்புவது, குளிப்பாட்டுவது, ஊட்டுவது, வேனில் ஏற்றுவது எல்லாம் அவர் பொறுப்பு. பத்து மணிக்கு நிகழ்ச்சி முடிந்த பிறகு பிள்ளைகள் என் பொறுப்பு. நிலா மட்டும் இடைப்பட்ட நேரத்தில் எதிர்வீட்டு ஃபாத்திமா அக்காவிடம் இருப்பாள். அவர் வீட்டில் தையல் மிஷின் ஓடும். நிலா துண்டுத் துணிகளுக்கு நடுவே உட்கார்ந்து பொம்மைகளுக்குப் புடவை கட்டிக்கொண்டிருப்பாள்.

வீட்டில் நான் இல்லாவிட்டாலும் என் குரல் இருந்தது. சமையலறை ரேடியோவைத்தான் பாஸ்கர் கடிகாரமாக வைத்திருந்தார். நான் வணக்கம் சொன்னால் பால் கொதிக்க வேண்டும். முதல் விளம்பரம் வந்தால் குளியல். போக்குவரத்துச் செய்தி வந்தால் ஷூ. ஒருநாள் ஸ்டுடியோவுக்கு வந்த ஒரு நடிகர் பேச்சை நிறுத்தவே இல்லை. போக்குவரத்துச் செய்தி வெகுநேரம் தள்ளிப்போனது. கவின் வெறுங்காலோடு சோபாவில் உட்கார்ந்து காலாட்டிக்கொண்டிருக்க, வேன் போய்விட்டது. “உன் நடிகரால எம்புள்ளைக்கு ஆப்சென்ட்டு” என்று பாஸ்கர் அதைப் பல நாள் சொல்லிக்காட்டினார்.

பள்ளிக்கூடத்தில் கவினுக்கு இதனால் ஒரு செல்வாக்கு வந்திருந்தது. ரேடியோவில் அவன் அம்மா சொன்னால்தான் மழை லீவு என்று வகுப்பு முழுக்க நம்பியது. ஒரு பையனிடம் இரண்டு வாசனை ரப்பர் வாங்கிக்கொண்டு, வியாழக்கிழமை லீவு வாங்கித் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தான். அந்த வியாழனன்று வெயில் கொளுத்தியது. ரப்பரைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி அனுப்பினேன்.

நான் சொல்ல வந்த நாள் கார்த்திகையில் ஒரு திங்கட்கிழமை. ராத்திரி முழுக்கப் பெய்த மழை விடியும்போதும் விடவில்லை. பள்ளிகளுக்கு விடுமுறை என்று அரசாங்கத்திலிருந்து எந்த அறிவிப்பும் வரவில்லை. நிகழ்ச்சி ஆரம்பித்ததிலிருந்து தொலைபேசியில் ஒரே கேள்விதான். ஆதம்பாக்கத்திலிருந்து ஓர் அம்மா, வடபழனியிலிருந்து ஒரு தாத்தா, எங்கிருந்து என்று சொல்லாமலே ஒரு சின்னக் குரல்: “லீவு உண்டா மேடம்?”

“இன்னும் சொல்லலம்மா. சொன்னதும் சொல்றேன்.”

இதற்கு நடுவில் ஒலிபரப்பில் வராத அலுவலக எண்ணுக்கு ஓர் அழைப்பு. ஒலிப்பதிவுக் கருவிகளைப் பார்த்துக்கொண்ட டேவிட் எடுத்து என்னிடம் கொடுத்தான். டேவிட் பட்டினப்பாக்கத்துக்காரன், மீன் பிடிக்கிற குடும்பம். மழை என்றால் எனக்கு முன்பே அவனுக்கு வாசனை தெரிந்துவிடும்.

“கலெக்டர் ஆபீஸ்லருந்து பேசறேன்” என்றது ஒரு கனத்த குரல். “எல்லா ஸ்கூலுக்கும் லீவு. உடனே அறிவிச்சிருங்க.”

“உங்க நம்பர் குடுங்க சார், நானே திருப்பிக் கூப்பிடறேன்.”

அந்தப் பக்கம் கொஞ்சம் தடுமாற்றம். பின்னாலிருந்து ஒரு பெண் குரல், “டேய், யாருகிட்டடா போன்ல? இட்லி ஆறுது பாரு!” இணைப்பு அறுந்துவிட்டது. டேவிட் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். “பத்தாங்கிளாஸ்க்கா. இன்னிக்கு மேத்ஸ் டெஸ்ட்டு போல.”

நானும் சிரித்தேன். ஆனால் அடுத்த கொஞ்ச நேரத்தில் அதே செய்தி எல்லோர் கைப்பேசியிலும் சுற்ற ஆரம்பித்துவிட்டது. அரசு முத்திரை மாதிரி ஏதோ ஒட்டி, பெரிய எழுத்தில், ‘இன்று விடுமுறை’. அழைக்கிறவர்கள் கேள்வியை மாற்றினார்கள். “லீவுன்னு மெசேஜ் வந்திருக்கே, நீங்க ஏன் சொல்ல மாட்டேங்கறீங்க?”

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். நம் வேலையில் நீங்கள் திரும்பத் திரும்ப வந்து நிற்கப்போகிற இடம் இதுதான். லீவு என்று நான் சொல்லிவிட்டு அது பொய்யாகப் போனால், வேலைக்குப் போகிற எத்தனையோ பேர் பிள்ளையை எங்கே விடுவது என்று தெரியாமல் திண்டாடுவார்கள். லீவு இல்லை என்று சொல்லவும் எனக்கு அதிகாரம் இல்லை. ஒன்றும் சொல்லாமல் பாட்டுப் போட்டுக்கொண்டிருந்தால், ஜன்னலுக்கு வெளியே தெரு ஓடையாகிக்கொண்டிருக்கிறது. உறுதி செய்யக் கூப்பிட்ட இடத்தில் எல்லா எண்ணும் பிஸி.

மைக்கைத் திறந்தேன். ஏறக்குறைய இப்படிச் சொன்னேன்:

“லீவுன்னு ஒரு மெசேஜ் உங்களுக்கு வந்திருக்கும். எனக்கும் வந்திருக்கு. அது நிஜமான்னு எனக்குத் தெரியாது. கேட்டுக்கிட்டுதான் இருக்கோம். எனக்கும் ரெண்டாங்கிளாஸ் படிக்கிற பையன் ஒருத்தன் இருக்கான். அவன இப்ப நான் அனுப்ப மாட்டேன். யூனிஃபார்மோட உக்கார வெச்சிருப்பேன். நிஜம் தெரிஞ்சதும் அனுப்பறதா வேணாமான்னு பாத்துக்கலாம். லேட்டா போனா ஒண்ணும் குடி முழுகிடாது. மிஸ் திட்டினா, ரேடியோவுல சொன்னாங்கன்னு என்மேல பழிய போடுங்க.”

சொல்லி முடித்ததும் எனக்குள் ஒரு நிம்மதி. என் வீட்டுக்குச் சொல்வதையே ஊருக்கும் சொல்லிவிட்டேன். பாஸ்கர் கேட்டிருப்பார், கவினின் ஷூ மாட்டிய காலைப் பிடித்து நிறுத்தியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த பாட்டு பாதியில் இருக்கும்போது அவரிடமிருந்து செய்தி வந்தது. “விடிகாலைலருந்து கரண்ட் இல்ல, ரேடியோ ஓடல. கவினை வேன்ல ஏத்திட்டேன். லீவா என்ன?”

ஊருக்கெல்லாம் பிள்ளையை வீட்டில் வையுங்கள் என்று சொன்னவளின் பிள்ளை, தெருவில் இருந்தான்.

வேன் ஓட்டுநரைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. பாஸ்கரைக் கூப்பிட்டு, வேன் பின்னாலேயே போகச் சொன்னேன். நிலாவை ஃபாத்திமா அக்காவிடம் விட்டுவிட்டுக் கிளம்புவதாகச் சொன்னார். பாட்டு முடிந்தது. அடுத்த அழைப்பை டேவிட் நேராக ஒலிபரப்பில் இணைத்தான்.

“மேடம், நான் பாபு. ஆட்டோ ஓட்றேன். லீவு கீவு வுடு மேடம், இங்க ஒரு ஸ்கூல் வேன் மாட்டிக்கினு கீது! தி.நகர்லருந்து மாம்பலம் போற சப்வே இல்ல? அதுல எறங்கற எடத்துல. வண்டி ஆஃப் ஆயிருச்சி. உள்ள பசங்கோ கீது மேடம்.”

கவினின் வேன் அந்த வழியாகத்தான் அசோக் நகர் பள்ளிக்குப் போகும்.

“வேன் என்ன கலருங்க பாபு?”

“மஞ்சளு. பின்னால பெருசா ஒரு கரடி பொம்ம ஒட்டிகீறாங்கோ.”

அந்தக் கரடிக்குக் கவின் வைத்த பேர் அப்புக்குட்டி. தினமும் அதற்கு டாட்டா காட்டித்தான் ஏறுவான்.

டேவிட் என் முகத்தைப் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது. சத்தம் வராமல் உதடுகளை மட்டும் அசைத்துக் கேட்டான், “பாட்டு வுடவாக்கா?” வேண்டாம் என்று தலையாட்டினேன்.

கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு எங்கள் நிகழ்ச்சித் தலைவர் உள்ளே வந்தார். உங்களில் யாரும் அந்த அம்மாவைப் பார்த்ததில்லை. அதிகம் பேசமாட்டார். பாராட்டுவதென்றால் புருவத்தைத் தூக்குவார், அவ்வளவுதான். டேவிட் விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டும். விளம்பரம் ஒன்றை ஓடவிட்டு என் காதருகே குனிந்தார்.

“நான் உக்காந்துக்கறேன் கல்பனா. நீ கெளம்பு.”

எழுந்துவிட்டேன். பையைக்கூட எடுத்துவிட்டேன். அடையாறு ஸ்டுடியோவிலிருந்து அந்த மழையில் அங்கே போய்ச் சேர எவ்வளவு நேரமாகும் என்று ஒரு கணம் யோசித்தேன். அவ்வளவு நேரமும் நான் ஏதோ ஒரு சிக்னலில், எதுவும் தெரியாமல், யாருக்கும் உதவாமல் உட்கார்ந்திருப்பேன். இங்கே இருந்தால், இந்த நிமிஷமே அந்தச் சுரங்கப்பாதையில் இருக்கிறேன்.

“நான் இங்கயே இருக்கேன் மேடம்” என்றேன்.

அவர் ஒரு டம்ளர் தண்ணீரை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, தீயணைப்புக்கு ஃபோன் போடப் போனார். வரிசையில் இருந்த மற்ற விளம்பரங்களை நிறுத்தச் சொல்லி டேவிட்டுக்குக் கையைக் காட்டினார்.

மைக் திறந்தது. “பாபு, லைன்லயே இருங்க. தண்ணி எவ்ளோ இருக்கு?”

“எனுக்கு இடுப்பளவு கீது மேடம். வேன் உள்ளாற பூந்துகினு கீது. பசங்கள சீட்டு மேல ஏத்தி வுட்டுகீறாரு டிரைவரு.”

“எத்தன பசங்க?”

“ஒம்போது.”

“ஒம்போது பேரும் நல்லா இருக்காங்களா?”

“கீறாங்கோ மேடம். ரெண்டு மூணு பாப்பாங்கோ அழுவுது. ஒருத்தன் மட்டும் சிரிச்சிகினே கீறான்.”

அது யார் என்று எனக்குத் தெரியும். பெயரைக் கேட்க நாக்கு துடித்தது. கேட்கவில்லை. என் பிள்ளையின் பெயரை நான் கேட்டிருந்தால், மற்ற எட்டு வீட்டிலும் நெஞ்சு அடைத்திருக்கும். அடுத்த நிமிஷமே அது உண்மை என்று தெரிந்தது. இன்னொரு லைனில் ஓர் அம்மா அழுதுகொண்டே வந்தார். “மேடம், என் பொண்ணு அந்த வேன்லதான் இருக்கா. தன்யா. நீங்க சொன்னத கேக்கறதுக்குள்ள அனுப்பிட்டேன் மேடம்.”

“அம்மா, நானும் உங்கள மாதிரிதான் ஒக்காந்திருக்கேன்” என்றேன். அதற்கு மேல் சொல்லவில்லை. “ஒம்போது பேரும் நல்லா இருக்காங்கன்னு பாபு சொல்றாரு. லைன வெக்காதீங்க. நாம சேந்து கேப்போம்.”

பிறகு கேட்பவர்கள் பக்கம் திரும்பினேன். “அந்த சப்வே பக்கத்துத் தெருவுல இருக்கறவங்க மட்டும் கேளுங்க. கை குடுக்க ஆள் வேணும். மத்தவங்க யாரும் வண்டி எடுத்துக்கிட்டு அங்க போகாதீங்க, வழி அடைச்சிரும்.” எப்படி இறக்குவது, எந்தக் கதவைத் திறப்பது என்றெல்லாம் நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தண்ணீரில் நிற்பவர்களுக்குத்தான் தண்ணீர் தெரியும். கேட்பது மட்டும்தான் என் வேலை.

கொஞ்ச நேரம் மழைச் சத்தம் மட்டும் ஒலிபரப்பானது. டேவிட் கழுத்திலிருந்த சிலுவையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

திடீரென்று பாபுவின் குரல் எகிறியது. “மேடம்! ஆளுங்கோ வராங்கோ மேடம்! கல்யாண மண்டபத்துலருந்து வராங்கோ! பட்டு வேஷ்டிய மட்ச்சிக் கட்டிகினு… ஐய, இன்னாத்த தூக்கினு வர்றீங்கோ? மேடம், அண்டா மேடம்! சாம்பார் அண்டா!”

நடந்தது என்னவென்று பிற்பாடு தெரிந்தது. சுரங்கப்பாதைக்கு முந்தின தெருவில் ஒரு கல்யாணம். சமையல் கட்டில் வெங்காயம் நறுக்குகிறவர்கள் நம் நிலையத்தைப் போட்டிருக்கிறார்கள். தலைமைச் சமையல்காரர் நான் சொன்னதைக் கேட்டதும் கரண்டியைப் போட்டுவிட்டு, மாப்பிள்ளைத் தோழர்களைக் கூட்டிக்கொண்டு ஓடியிருக்கிறார். சின்னப் பிள்ளைகள் தோளில் ஏறப் பயப்படுவார்கள் என்று, கழுவிக் கவிழ்த்திருந்த பெரிய அண்டாவையும் கையோடு தூக்கச் சொன்னது அவர்தான்.

பாபு கிரிக்கெட் வர்ணனை மாதிரி சொல்லிக்கொண்டே போனார். “ரெண்டு பாப்பாவ அண்டால ஒக்கார வெச்சாச்சி… தள்றாங்கோ… மெதுவா நைனா, மெதுவா… கரைக்கி வந்துருச்சி! இதுல ஒண்ணு தன்யாவாம் மேடம், சொல்லிரு அவுங்கம்மாட்ட!” தன்யாவின் அம்மா ஒரு சத்தம் போட்டார் பாருங்கள், அது அழுகையா சிரிப்பா என்று பிரிக்க முடியவில்லை.

அடுத்த இரண்டு பேர். அடுத்த இரண்டு. பெரிய பையன்கள் இருவர் தோளில் ஏறிக்கொண்டார்கள். “ஒருத்தன்தான் பாக்கி. இவன் எறங்க மாட்டேன்றான் மேடம். அந்தக் கரடி நனையுதாம். அதையும் கூட்டினு வரணுமாம்.”

சொல்லலாமா என்று ஒரு நொடி. பிறகு மெதுவாகச் சொன்னேன், “அவங்கிட்ட சொல்லுங்க பாபு, கரடிக்கு நீச்சல் தெரியும்னு.”

“ரேடியோ மேடம் சொல்றாங்கோ, கரடிக்கு நீச்சல் தெரியுமாம்!” என்று பாபு கத்திச் சொல்வது கேட்டது. தண்ணீர் அலம்புகிற சத்தம். யாரோ பாத்திரத்தைத் தட்டித் தாளம் போட்டார்கள். ஃபோன் கைமாறியது. மூச்சு வாங்க ஒரு குரல், ஊர் முழுக்கக் கேட்கிற மாதிரி:

“அம்மா! நான் அண்டாவுல வந்தேம்மா!”

நான் வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. இத்தனை வருஷ ரேடியோ வாழ்க்கையில் எனக்குக் குரல் வராமல் போனது அன்று ஒருநாள்தான். அவனே பேசினான். “அம்மா, இங்க கேசரி குடுக்கறாங்க. சாப்பிடலாமா?”

“சாப்புடுடா கண்ணா” என்றேன். அப்புறம்தான் பாட்டுப் போடச் சொன்னேன். டேவிட் ஏற்கெனவே ஒரு குத்துப் பாட்டைத் தயாராக வைத்திருந்தான். ஸ்டுடியோவுக்கு வெளியே விளம்பரப் பிரிவுக்காரர்கள்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆடினார்கள். விடுமுறை என்ற உண்மையான அறிவிப்பு அதற்கும் அப்புறம்தான் வந்தது. அதை வாசிக்கும்போது எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

நிகழ்ச்சி முடிந்ததும் தலைவரின் அறைக்குப் போனேன். அறிவிப்பு வருமுன்னே பிள்ளையை அனுப்ப மாட்டேன் என்று சொன்னதற்கு மேலிடத்திலிருந்து கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். வந்துமிருந்தது. அவர் சொன்னார்: “தெரியாதுன்னு மைக்ல சொல்றதுக்கு நம்ம தொழில்ல யாருக்கும் வாய் வராது. நீ சொன்ன. அதுக்கு நான் பதில் சொல்லிக்கறேன். போ, புள்ளைய பாரு.” புருவத்தையும் தூக்கினார்.

டேவிட் தன் பைக்கில் என்னை மண்டபத்துக்குக் கொண்டுபோய் விட்டான். பாஸ்கர் எனக்கு முன்பே வந்திருந்தார். நிலா அவர் இடுப்பில் இருந்தாள். வேனைத் தேடிக் கிளம்பும்போது அப்பாவை விடமாட்டேன் என்று கத்திக்கொண்டே வந்துவிட்டாளாம். ஒன்பது பிள்ளைகளும் மாப்பிள்ளை வீட்டாரின் துண்டுகளைப் போர்த்திக்கொண்டு வரிசையாகப் பந்தியில் உட்கார்ந்திருந்தார்கள். மழையில் கல்யாணத்துக்கு ஆளே வரவில்லை. இலை போட்ட பந்தி நீளத்துக்குக் காலியாகக் கிடந்தது. பெண்ணின் அம்மா ஒவ்வொரு பிள்ளைக்கும் தானே வடை வைத்துக்கொண்டிருந்தார்.

“காலைலருந்து அழுகையா வந்துச்சு எனக்கு, மண்டபம் வெறிச்சோடி கெடக்கேன்னு” என்றார் என்னைப் பார்த்து. “மொதல் பந்தியே உங்க பசங்கதான். உக்காரும்மா, நீயும் சாப்பிடு.”

கவினைக் கட்டிக்கொண்டேன். அவன் அதற்கு நேரம் ஒதுக்கவில்லை. அண்டா எப்படிச் சுற்றியது என்று எதிரிலிருந்த பையனுக்கு விளக்கிக்கொண்டிருந்தான். பாபு நனைந்த காக்கிச் சட்டையோடு கோடியில் உட்கார்ந்து பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். “மேடம், உம் புள்ளன்னு ஒரு வார்த்த சொல்லலியே!” என்றார். “சொல்லியிருந்தா நீங்க பயந்திருப்பீங்க பாபு” என்றேன். “கரீட்டு” என்றார் அவர்.

யாரோ கொடுத்த காபி டம்ளரை வாங்கி, குடிக்காமலே திரும்பக் கீழே வைத்தேன். பாஸ்கர் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு அவர் கேட்டதைச் சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள்.

“இன்னிக்கு உனக்கு மேட்ச் இல்ல?”

மீரா, உன் இரண்டாவது கேள்விக்குப் பதில் இங்கேதான் வருகிறது. மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில், சைக்கிள் கடை மாடியில் ஒரு கேரம் கிளப் இருந்தது. கல்லூரி நாட்களில் நான் நன்றாக ஆடுவேன். நிலா பால் மறந்த பிறகு, வாரத்தில் இரண்டு நாள் நிகழ்ச்சி முடிந்து, அவளை இன்னும் கொஞ்ச நேரம் ஃபாத்திமா அக்காவிடமே விட்டுவிட்டு, அங்கே போய் ஆட ஆரம்பித்தேன். “மீட்டிங்” என்று யாரிடமும் பொய் சொன்னதில்லை. கேரம் ஆடப் போகிறேன் என்றுதான் சொல்லிவிட்டுப் போவேன். சின்னப் பிள்ளையை விட்டுவிட்டுக் கேரமா என்று முகம் சுளித்தவர்கள் இருந்தார்கள். அவர்களிடம் விளக்கம் சொல்லி நான் ஓய்ந்து போகவில்லை. சொல்லாமல் விட்டதில் ஒரு நஷ்டமும் இல்லை. அன்று எங்கள் கிளப்பில் இரட்டையர் ஆட்டத்தின் அரையிறுதி.

“பைத்தியமா உங்களுக்கு? இன்னிக்கா?” என்றேன்.

“இன்னிக்குத்தான்” என்றார் பாஸ்கர். “வீட்டுக்கு வந்தா என்ன பண்ணுவ? கவின பாத்துப் பாத்து அழுவ. அவன் நல்லா இருக்கான். ரெண்டு பேரையும் நான் பாத்துக்கறேன், எப்டியும் ஆபீஸ் லீவு போட்டாச்சு. போய் ஆடிட்டு வா.”

பெண்ணின் அம்மா என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என்ன நினைத்தாரோ, என் இலையில் இன்னொரு கரண்டி கேசரியைப் போட்டு, “சாப்டுட்டுப் போ” என்றார். சுடச்சுட இருந்தது. சாப்பிட்டேன்.

கிளப்பில் எல்லோரும் ரேடியோ கேட்டிருந்தார்கள். ஆனால் ஒருவர்கூட ஒன்றும் கேட்கவில்லை. என் ஜோடி கரீம் பாய், ராயப்பேட்டையில் படங்களுக்குச் சட்டம் போடுகிற கடை வைத்திருந்தவர். மழைக்கு நமத்துப்போன போர்டின் மேல் மஞ்சள் பல்பைத் தொங்கவிட்டுச் சூடுகாட்டிக்கொண்டிருந்தார். “உக்காருமா” என்றார். “இப்பதான் காய் கொஞ்சம் ஓட ஆரம்பிச்சிருக்கு.”

முதல் அடியில் ஸ்ட்ரைக்கரே குழிக்குள் போனது. மைனஸ். இரண்டாவது முறை ஸ்ட்ரைக்கர் எந்தக் காயையும் தொடவே இல்லை. எதிரில் இருந்தவர்கள் சிரிக்கவில்லை, அவசரப்படுத்தவும் இல்லை. மூன்றாவது முறை ஒரு காய் விழுந்தது. அப்புறம் இன்னொன்று. போர்டு, பல்பு, பவுடர் வாசனை, ஒரு கறுப்புக் காயின் விளிம்பு. அதைத் தவிர உலகத்தில் வேறொன்றும் இல்லாமல் போனது. காலையிலிருந்து எங்கோ மாட்டிக்கொண்டிருந்த மூச்சு அப்போதுதான் முழுசாக வெளியே வந்தது. இந்த ஒரு மணி நேரம் நான் யாரிடமிருந்தும் திருடியது இல்லை என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்ததும் அங்கேதான். மறுநாள் விடிகாலையில் எழுந்து மறுபடியும் மைக் முன்னால் உட்கார அதுதான் என்னைத் தூக்கிவிட்டது.

கடைசிப் போர்டு. இரண்டு பக்கமும் சமமாக இருந்தோம். சிவப்புக் காயான ரெட், குழிக்குப் பக்கத்தில் சாய்கோணத்தில் நின்றது. ஸ்ட்ரைக்கரை வைத்துக் குறி பார்த்துக்கொண்டிருந்தபோது ஃபோன் அடித்தது. பாஸ்கர்.

என்ன ஆச்சோ? காய்ச்சலா? விழுந்துவிட்டானா? கரீம் பாயிடம் ஒரு நிமிஷம் என்று சைகை காட்டிவிட்டு எடுத்தேன்.

“அம்மா, நாந்தான்” என்றான் கவின். “ஜெயிச்சிட்டியா?”

“இன்னும் இல்லடா. ஆடிக்கிட்டே இருக்கேன்.”

“அப்புறம் எதுக்கு போன எடுத்த? ஆடும்மா!”

வைத்துவிட்டான். நான் ஃபோனை அணைத்துப் பைக்குள் போட்டுவிட்டு, ரெட்டைப் பார்த்து மறுபடி குனிந்தேன்.